போலிப் பாக்கெட்டை எதிர்க்க அரசு தரும் வசதிகள்: களியக்காவிளையிலிருந்து ஒரு ரிவ்யூ

ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, எங்கள் ஊருக்கு எல்லை தாண்டிக் கேரளத்தில் இருக்கும் பாறசாலையிலிருந்து ஒரு சேச்சி போன் செய்தார். ஏழெட்டு வருஷமாக எங்களிடம் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸும் சர்க்கரை வரட்டியும் வாங்குகிறவர். "என்ன மோளே, இந்தத் தடவை சிப்ஸ்ல ஒரு காறல் வாடை அடிக்குது, எண்ணெய மாத்திட்டியா?" என்று கேட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைத் தவிர வேறு எதிலும் எங்கள் வீட்டில் ஏத்தங்காய் பொரிந்ததே கிடையாது. பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க சேச்சி, நானே வந்து வாங்கிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்து, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போனேன்.

அந்தப் பாக்கெட் இன்றும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அதே மஞ்சள் கவர். நடுவில் என் தம்பி வரைந்த ஐந்து திரிக் குத்துவிளக்கு. மூன்றாவது திரியின் அடியில் அவன் பேனா மை சிந்திப் பரவிய ஒரு சின்னப் புள்ளி உண்டு, முதல் கவர் அச்சடித்தபோது அதை நீக்க மறந்துவிட்டோம், அப்புறம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். போலிப் பாக்கெட்டிலும் அந்தப் புள்ளி இருந்தது. எங்கள் பிராண்டின் பெயர் பாட்டியின் வீட்டுப்பெயர், எங்கள் ஊர் வழக்கப்படி 'விளை' என்று முடியும். அதில் 'விலை' என்று அச்சாகியிருந்தது. போன் நம்பரில் கடைசி எண் மட்டும் வேறு. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கமும் அச்சு அசல் எங்களுடையது. ஆனால் அதற்குக் கீழே மலையாளத்தில் கேரளத்து முகவரி. அந்த எண்ணில் முதல் இலக்கம் அது பதிவா லைசென்ஸா என்பதைச் சொல்லும், அடுத்த இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும். தமிழ்நாட்டுப் பதிவு 224 என்று தொடங்கும், கேரளப் பதிவு 213 என்று. கேரளத்து முகவரியும் 224 என்று தொடங்கும் எண்ணும் ஒரே கவரில் இருந்தாலே விஷயம் புரிந்துவிடும். அன்றைக்கு எனக்கு இது தெரியாது, பின்னால் ஓர் அதிகாரி சொல்லித்தான் தெரிந்தது.

இந்த மாதிரிப் போலிக்கு எதிராக அரசாங்கம் என்னென்ன வைத்திருக்கிறது, அதில் எது எங்களைப் போன்ற சின்னத் தொழிலுக்கு உண்மையில் கை கொடுக்கிறது என்பதை ஒரு வருஷம் அலைந்து தெரிந்துகொண்டேன். எல்லைப் பக்கம் தொழில் செய்கிறவர்களுக்கு இது கட்டாயம் உதவும், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் போனது காவல் நிலையத்துக்கு. எந்த நிலையம் என்று எழுதவில்லை, அங்கிருந்தவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. இரண்டு பாக்கெட்டையும் மேஜையில் வைத்தேன். பார்த்துவிட்டு, "இது சிவில் கேஸும்மா, கோர்ட்டுக்குப் போங்க, அதுவும் விற்றது கேரளாவுல" என்றார்கள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, சட்டம் என்னதான் சொல்கிறது என்று தேடிப் படித்தேன்.

போலி டிரேட்மார்க் போடுவதும், போலிச் சரக்கை விற்பதும் குற்ற வழக்கு. டிரேட்மார்க் சட்டம், 1999, பிரிவு 103, 104. குறைந்தது 6 மாதம், அதிகம் போனால் 3 வருஷம் சிறை, 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் பிரிவு 115இல் ஒரு நிபந்தனை இருக்கிறது. வாரண்ட் இல்லாமல் சோதனை போட்டுச் சரக்கைப் பிடிக்க வேண்டுமென்றால் டிஎஸ்பி அல்லது அதற்கு மேல் பதவியில் இருப்பவர்தான் செய்ய முடியும், அவரும் சோதனைக்கு முன்னால் டிரேட்மார்க் பதிவாளரின் கருத்தைக் கேட்டு வாங்க வேண்டும், அந்தக் கருத்துப்படிதான் நடக்க வேண்டும். அதாவது நான் நிலையத்தில் உட்கார்ந்து எவ்வளவு கெஞ்சியிருந்தாலும் அந்தச் சப் இன்ஸ்பெக்டருக்கு டிரேட்மார்க் சட்டத்தில் சரக்கைத் தூக்கும் அதிகாரமே இல்லை. இதை யாராவது அன்றைக்கே ஒரு வரியில் சொல்லியிருந்தால் நேராக டிஎஸ்பி அலுவலகத்துக்கு மனுவோடு போயிருப்பேன்.

விற்றது கேரளாவில் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்களே, அதற்கும் பதில் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 173இன்படி, கைது செய்யத்தக்க குற்றத்தைப் பற்றிய தகவலை, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்தது என்று பார்க்காமல் எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். மின்னஞ்சல் போன்ற வழியிலும் கொடுக்கலாம், 3 நாளைக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ஒரு தெரு தள்ளினால் வேறு மாநிலம் என்று இருக்கிற நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு இந்தப் பிரிவு பெரிய வரம். இதை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டிரேட்மார்க் பதிவைப் பற்றி. எல்லாமே இதில்தான் ஆரம்பிக்கிறது. நான் பதிவு செய்து வைத்திருந்ததால்தான் மற்ற கதவெல்லாம் திறந்தது. ஆனால் அந்தப் பதிவும் இரண்டாவது முயற்சியில் கிடைத்ததுதான். முதல் தடவை ஒரு ஏஜெண்டிடம் பணம் கொடுத்து விட்டுவிட்டேன். விண்ணப்பம் போட்டார், நம்பரும் கொடுத்தார். அதன் பிறகு பதிவகத்திலிருந்து பரிசோதனை அறிக்கை வந்திருக்கிறது, அதற்கு 30 நாளில் பதில் கொடுக்க வேண்டும், அவர் கொடுக்கவில்லை, எனக்கும் சொல்லவில்லை. ஒன்றேகால் வருஷம் கழித்து நானே டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பார்த்தால் கைவிடப்பட்டது என்று இருக்கிறது. கட்டின பணமும் போச்சு, ஒரு வருஷமும் போச்சு. அதனால் சொல்கிறேன், யாரை வைத்துப் போட்டாலும் சரி, மின்னஞ்சலும் மொபைல் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும், வாரம் ஒரு தடவை நீங்களே நிலையைப் பாருங்கள், அது இலவசம்.

இரண்டாம் தடவை நானே போட்டேன். டிஎம்-ஏ படிவம், ஆன்லைனில் போட்டால் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பெரிய நிறுவனத்துக்கு 9,000. உத்யம் என்ற சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் இருந்தால் சிறுதொழில் கட்டணம்தான். வகுப்பு என்பது சரக்குகளை இனம் பிரித்துப் போட்டிருக்கும் எண். சிப்ஸ் 29ஆம் வகுப்பில் வரும், காப்பித்தூளும் மசாலாவும் 30இல், வாசனை எண்ணெய் ஊதுபத்தி எல்லாம் 3இல். வகுப்பு தப்பினால் பாதுகாப்பும் தப்பும், இதில் அவசரப்பட வேண்டாம். விண்ணப்பத்துக்கு முன் அதே தளத்தில் தேடிப் பார்க்கலாம், எழுத்தை வைத்தும் தேடலாம், உச்சரிப்பை வைத்தும் தேடலாம். நான் உச்சரிப்புத் தேடலில்தான் ஒரு மணி நேரம் செலவு செய்தேன், அது நல்ல வசதி.

எனக்கு நெருடுவது மொழி. ஆவணம் எல்லாம் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் இருக்க வேண்டும் என்பது விதி. பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால் அதன் ஒலியை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதி, பொருளையும் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். 'விளை' என்றால் என்ன என்று நான் எப்படி எழுதுவது? தென்னையும் வாழையும் நிற்கும் மேட்டு நிலம், வீட்டைச் சுற்றின தோப்பு, ஒரு குடும்பத்தின் அடையாளம், இவ்வளவும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பழத்தோட்டம் என்று எழுதி அனுப்பினேன், மனசு ஒப்பவில்லை. ஒரு பாட்டி தன் வீட்டுப்பெயரைப் பதிவு செய்ய வேற்றுமொழியில் படிவம் நிரப்ப வேண்டும் என்பது மாற வேண்டிய விஷயம். தமிழிலும் மலையாளத்திலும் படிவம் வைத்தால் மார்த்தாண்டத்தில் தேன் பாட்டில் ஒட்டுகிறவர்களும், குலசேகரத்தில் கிராம்பு பாக்கெட் போடுகிறவர்களும் தாங்களாகவே முன்வருவார்கள்.

மற்றபடி நடைமுறை சுலபமாகவே இருந்தது. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், கர்நாடகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து சென்னை கிண்டியில் ஒரே பதிவகம்தான். முன்பானால் குழித்துறையில் அனந்தபுரி ரயில் ஏறி ஒரு ராத்திரி முழுக்கப் பயணம் போய், விசாரணையில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு இன்னொரு ராத்திரி திரும்ப வேண்டும். இப்போது விசாரணை வீடியோவில் நடக்கிறது. என்னுடையது முடிய எட்டு நிமிஷம் ஆனது, கீழே அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ஏற்றுக்கொண்ட பிறகு டிரேட்மார்க் ஜர்னலில் வெளியிடுவார்கள், 4 மாதம் வரை யாரும் ஆட்சேபிக்கலாம், இல்லையென்றால் சான்றிதழ். 10 வருஷம் செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். சான்றிதழ் கையில் வரும் முன்பு வட்டத்துக்குள் ஆர் போடாதீர்கள், அதற்குத் தண்டம் உண்டு. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து டிஎம் போட்டுக்கொள்ளலாம்.

கட்டின பணத்தைத் திரும்ப வாங்கும் வழியும் இருக்கிறது. மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் எம்எஸ்எம்இ இன்னோவேட்டிவ் திட்டம், 2022இல் வந்தது. டிரேட்மார்க் பதிவானால் 10,000 ரூபாய் வரை, டிசைனுக்கு 15,000 வரை, இந்தியக் காப்புரிமைக்கு 1,00,000 வரை திரும்பக் கிடைக்கும். பதிவான பிறகுதான் கேட்க முடியும். இதைப் பற்றி எனக்குச் சொன்னது நாகர்கோவில் மாவட்டத் தொழில் மையத்தில் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற, முந்திரிப்பருப்பு தொழில் செய்கிற ஓர் அண்ணாச்சி. அங்கே சுவரில் இதை ஒரு தாளில் ஒட்டிவைத்தால் எத்தனையோ பேருக்குப் பயன்படும்.

சரி, சான்றிதழ் இருந்தது, போலியும் இருந்தது, போலீஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் எது வேலை செய்தது? உணவுப் பாதுகாப்புத் துறை. இந்த ரிவ்யூவில் நான் முழு மதிப்பெண் கொடுப்பது இதற்குத்தான். ஃபுட் சேஃப்டி கனெக்ட் ஆப்பில் புகார் போட்டேன், இரண்டு பாக்கெட்டின் முன்பக்கம், பின்பக்கம், பதிவு எண், வாங்கின பில் எல்லாம் படம் எடுத்து ஏற்றினேன். கேரளத்துப் பக்கம் விற்றதால் அந்தப் பக்கத்து அதிகாரிக்குப் போனது. நான்காம் நாள் போன் வந்தது. பாதி மலையாளம் பாதி தமிழில்தான் பேசினோம், 1956 வரைக்கும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்த இடம்தானே, இரண்டு பேருக்கும் ஒரு சிரமமும் இல்லை. அவர்தான் அந்த 213, 224 கணக்கைச் சொன்னவர். "உங்க நம்பரை இன்னொருத்தர் போட்டா அது உங்க பிரச்சினை மட்டும் இல்ல, தின்னுறவங்க பிரச்சினை" என்றார். கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு மாதமாக அதைத்தான் எல்லோரிடமும் சொல்ல நினைத்தேன், வார்த்தை வரவில்லை.

உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006இல் பொய்யான லேபிள் ஒட்டினால் 3,00,000 ரூபாய் வரை தண்டம். அதிகாரி கடைக்குப் போய் மாதிரி எடுத்தார், எங்கே வாங்கினாய் என்று பில் கேட்டார். கடைக்காரர் லைன் வண்டியில் வாங்கினது என்று பில்லைக் காட்டினார். அந்த நூலைப் பிடித்துப் போனால் ஒரு வீட்டின் பின்கட்டில் பேக்கிங். அங்கே கிடைத்த கவர்க் கட்டில் அச்சிட்ட இடத்தின் பில். அச்சிட்டது நம் பக்கம்.

அதாவது சரக்கு அங்கே, கவர் இங்கே. எல்லையில் போலி செய்கிறவர்கள் இப்படித்தான் பிரித்துச் செய்கிறார்கள், இரண்டு மாநிலத்திலும் பாதிப் பாதிக் குற்றம் என்று ஆகிவிட்டால் யாரும் முழுசாகத் தொடமாட்டார்கள் என்று நம்புகிறார்கள். ஆனால் கவர் இங்கே அச்சானதுதான் எனக்கு உதவியாக முடிந்தது.

ஏனென்றால் அந்தக் குத்துவிளக்கு ஓர் ஓவியம். ஓவியத்துக்குப் பதிப்புரிமை வரைந்த நிமிஷமே வந்துவிடுகிறது, பதிவு கட்டாயம் இல்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 63இல் தண்டனை டிரேட்மார்க் சட்டத்தில் உள்ளதைப் போலவேதான், 6 மாதம் முதல் 3 வருஷம். ஆனால் பிரிவு 64இன்படி சப் இன்ஸ்பெக்டர் பதவியிலேயே வாரண்ட் இல்லாமல் நகல்களையும், நகல் எடுக்கப் பயன்பட்ட அச்சையும் கைப்பற்றலாம். டிஎஸ்பி வேண்டாம், பதிவாளர் கருத்து வேண்டாம். பிரிவு 63 கைது செய்யத்தக்க, ஜாமீனில் விட முடியாத குற்றம்தான் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் நிட் புரோ இன்டர்நேஷனல் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. லேபிளில் படம் இருக்கிற ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் இது. பெயர் மட்டும் இருந்தால் இந்த வழி இல்லை, படம் இருந்தால் உண்டு.

இங்கே இன்னொரு அரசு வசதியைச் சொல்ல வேண்டும். 2016இல் தேசிய அறிவுசார் சொத்துரிமைக் கொள்கை வந்தபோது மத்திய தொழில்துறையின் கீழ் சிபாம் என்று ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். அவர்கள் ஃபிக்கி என்ற தொழில் கூட்டமைப்போடு சேர்ந்து காவல்துறைக்கென்றே ஒரு கையேடு போட்டிருக்கிறார்கள். புகார் வந்தால் என்ன கேட்க வேண்டும், எந்தச் சட்டத்தில் எந்தப் பதவி, சோதனைக்குப் போகும்போது எதை எடுத்துப் போக வேண்டும், எல்லாம் சரிபார்ப்புப் பட்டியலாக இருக்கிறது. இணையத்தில் இலவசம். அதை பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டேன். அதோடு டிரேட்மார்க் சான்றிதழ், தம்பியின் பழைய நோட்டில் தேதியோடு இருக்கும் மூலப் படம், எங்கள் முதல் கவரின் அச்சுப் பில், அசல் பாக்கெட், போலிப் பாக்கெட், இத்தனையும் ஒரு ஃபைலில் வைத்து மறுபடியும் போனேன்.

அன்றைக்கு இருந்த சப் இன்ஸ்பெக்டர் வேறு ஒருவர். கையேட்டைப் புரட்டினார், பிரிவு 64 இருக்கும் பக்கத்தில் நின்றார். அப்புறம் தம்பியின் நோட்டைக் கையில் எடுத்து, போலிக் கவரை அதன் பக்கத்தில் வைத்து, தன் போனில் டார்ச் போட்டு அந்த மைப்புள்ளியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இது ஒண்ணு போதும்மா" என்றார். இரண்டு நாளில் அந்த யூனிட்டில் சோதனை நடந்தது. கவர் மூன்று கட்டு கிடைத்தது, அதைவிட முக்கியமாக அச்சு சிலிண்டர் கிடைத்தது. கவர் எத்தனை கட்டு பிடித்தாலும் சிலிண்டர் வெளியே இருந்தால் அடுத்த வாரமே மறுபடியும் அச்சாகிவிடும். அதனால் புகாரில் நகல் என்று மட்டும் எழுதாமல் அச்சு சிலிண்டர், பிளேட், கணினியில் உள்ள கோப்பு என்று தனித்தனியாக எழுதுங்கள். வழக்கு நடக்கிறது, அதனால் அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவது முறையில்லை.

ஓவியத்தைப் பதிவும் செய்துவிடலாமே என்று பிறகு பார்த்தேன். சரக்கின் மேல் பயன்படும் ஓவியம் என்றால் கட்டணம் 2,000 ரூபாய், ஆனால் அதற்கு முன் டிரேட்மார்க் பதிவாளரிடம் இதே போன்ற குறி ஏற்கனவே இல்லை என்று ஒரு தேடல் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கு ஆன்லைனில் 9,000. டிரேட்மார்க் விண்ணப்பமே 4,500 என்னும்போது ஒரு சான்றிதழுக்கு அதைப் போல் இரண்டு மடங்கு என்பது சின்னத் தொழிலுக்குக் கட்டுப்படியாகாது. இதையும் சிறுதொழிலுக்குக் குறைக்க வேண்டும். நான் பதிவு செய்யவில்லை, தேதி போட்ட மூல நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்களும் லேபிள் வரைந்தவரின் முதல் தாளை, அது கசங்கிய தாளாக இருந்தாலும், தூக்கிப் போடாதீர்கள். வெளி ஆளிடம் காசு கொடுத்து வரைந்து வாங்கியிருந்தால் உரிமையை உங்களுக்கு மாற்றி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் படம் யாருடையது என்ற கேள்வி பின்னால் வரும்.

தமிழ்நாடு காவல்துறையில் இதற்கென்றே தனிப் பிரிவும் இருக்கிறது, அறிவுசார் சொத்துரிமை அமலாக்கப் பிரிவு. முன்பு திருட்டு விசிடி பிடித்துக்கொண்டிருந்த பிரிவுதான் விரிந்து இப்போது போலிச் சரக்கையும் பார்க்கிறது. எனக்கு உள்ளூரிலேயே வேலை நடந்துவிட்டதால் அவர்களிடம் போகவில்லை, அதனால் மதிப்பெண் போடவில்லை.

கோர்ட் வழியைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன், பெண்கள் கவனியுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987, பிரிவு 12இன்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். எனக்கு அங்கே ஒரு வக்கீல் அக்காவைக் கொடுத்தார்கள். டிரேட்மார்க் வழக்கை எதிராளி இருக்கும் ஊருக்குப் போய்த்தான் போட வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, பிரிவு 134இன்படி நாம் குடியிருக்கிற, தொழில் செய்கிற இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம் என்று அவர் சொன்னபோதுதான் மூச்சு வந்தது. நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் வாய்தாவுக்கு அலைய வேண்டாம். பதிவு செய்யாத பெயராக இருந்தாலும் பிறர் பெயரில் சரக்கைத் தள்ளிவிடுவதை எதிர்த்து வழக்குப் போட வழி உண்டு, ஆனால் அந்தப் பெயர் இத்தனை வருஷமாக மக்களிடம் நமதாகப் பதிந்திருக்கிறது என்று நாமே நிரூபிக்க வேண்டும். பழைய பில் புத்தகம், கடைகளின் ஆர்டர் சீட்டு எல்லாம் அப்போது தங்கம்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போலியை வாங்கி ஏமாந்தவர்கள் 1915இல் கூப்பிடலாம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், அந்தப் பாறசாலை சேச்சி அதில்தான் புகார் கொடுத்தார். ஆன்லைன் கடைகளில் போலி வந்தால் 2020 மின்வணிக விதிகளின்படி அந்தக் கடை ஒரு குறைதீர் அதிகாரியின் பெயரைப் போட்டிருக்க வேண்டும், புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்தில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து போலி வருகிற தொழில் என்றால், உதாரணமாக ஸ்பேர் பார்ட்ஸ், சுங்கத்துறையில் உங்கள் டிரேட்மார்க்கை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம், 2007 விதிகள். துறைமுகத்திலேயே சரக்கை நிறுத்தி உங்களுக்குத் தகவல் சொல்வார்கள், 10 வேலை நாளுக்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். பக்கத்திலேயே விழிஞ்ஞம் துறைமுகம் வந்துவிட்ட பிறகு நம் பக்கத்து வியாபாரிகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

புவிசார் குறியீடு தனிக் கதை. எங்கள் மாவட்டத்து மட்டி வாழைக்கு 2023இல் கிடைத்தது, கேரளத்துச் செங்காலிக்கோடன் நேந்திரனுக்கு அதற்கு முன்பே உண்டு. களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் போகிற வழியில் பாலராமபுரம் இருக்கிறது, கைத்தறிக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். அங்கே நெய்கிறவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து திருவிதாங்கூர் ராஜா காலத்தில் கூட்டிப்போன சாலியர்களின் வம்சம். விசைத்தறிச் சேலையைப் பாலராமபுரம் என்று சொல்லி விற்றால் அதுவும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம்தான். ஆனால் ஊர்ப்பெயர் எல்லோருக்கும் பொதுவானது என்பதால் யார் புகார் கொடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். தறியில் உட்கார்ந்திருக்கிற ஒரு தாத்தா என்னிடம், "நான் கம்ப்ளெயின்ட் எழுதப் போனா அன்னைக்குக் கூலி யாரு தருவா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்வியால்தான் இதையும் கேட்கிறேன். சட்டம் குறைவில்லாமல் இருக்கிறது, கையேடு இருக்கிறது, ஆப் இருக்கிறது, பணம் திரும்பத் தரும் திட்டம்கூட இருக்கிறது. எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. களியக்காவிளை, புளியரை, கம்பம்மெட்டு, வாளையாறு, அந்தப் பக்கம் நகரி, ஊத்துக்கோட்டை, இந்த எல்லை ஊர்களில் வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தால் போதும். படம் இருக்கிறதா, சப் இன்ஸ்பெக்டரிடம் போ. பெயர் மட்டுமா, டிஎஸ்பியிடம் போ. தின்னும் பொருளா, உணவுப் பாதுகாப்புக்கு முதலில் எழுது. இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகாது. எனக்கு இது தெரிய நான்கு மாதம் ஆனது, அந்த நான்கு மாதத்தில் எத்தனை வீட்டில் காறல் சிப்ஸை எங்கள் பெயரைச் சொல்லித் துப்பியிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பாறசாலை சேச்சிக்கு இந்த வருஷம் ஓணத்துக்கு முதல் ஈடு சிப்ஸைச் சூடு ஆறும் முன்பே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாக்கெட்டைத் திருப்பி முதலில் 'ளை' இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிரித்தார். பிராண்டின் பெயரை மலையாள எழுத்தில் தனியாகப் பதிய விண்ணப்பம் போட்டிருக்கிறேன், போன மாதம் ஜர்னலில் வந்துவிட்டது. ஆட்சேபணைக் காலம் முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. முடிந்ததும் என்ன ஆனது என்று இங்கேயே வந்து எழுதுகிறேன்.